மன்றங்கள் வளர்க்கும் மக்களாட்சி

மக்களாட்சிக்கு இலக்கணம் எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் குடிமையியல் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிடுவோம். ஆயினும் மக்களாட்சி என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்ளும் சடங்கு என்றே பெரியவர்கள் பலரும் எண்ணியிருக்கிறார்கள். நாமும் அப்படியே எண்ணி வளர்கிறோம். அந்த மைக்கும் நம் தெருக் குழாயில் வரும் தண்ணீருக்கும் இடையே நீண்டதொரு படிக்கட்டு இருக்கிறது. அதன் மேற்படி டில்லியில். முதற்படி நம் ஊரில். அந்த முதற்படியைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

மக்கள் நல்லவர்களாயிருந்தால் ஆட்சியும் தானே நல்லதாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. மன்றங்களும் சட்டங்களும் எப்படி அமைகின்றனவோ, அப்படியே மக்களும் பழகிக்கொள்கிறார்கள் என்பது மற்றப் பாதி. பின்னதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை.

காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாது. அண்மையில் பதவி வகித்தவனும் நிற்கக்கூடாது. எத்தனை முன்யோசனை! (மத்தியாவைத் திருத்தூதராகத் தேர்ந்துகொள்ளச் சீட்டுப் போட்டதைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசித்திருக்கிறோம் அல்லவா?) ஆனால் இதை மேடைதோறும் புகழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயரே அந்தக் குடத்துள் விழுந்தது. உழுதவன் பெயர் இல்லை. நம் பாட்டிமார் பெயரும் இல்லை. மன்றம் இருந்தது, விதியும் இருந்தது. கதவுதான் குறுகலாக இருந்தது.

நம் மாவட்டத்தின் பெரும்பகுதி முன்னாளில் தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானமாக விளங்கியது. அங்கே 1902இல் பிரதிநிதிகள் சபையும் 1924இல் சட்டசபையும் ஏற்பட்டன. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இந்தச் சமஸ்தானத்தில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, பையன்களோடு ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்ததால் அவர் படித்தார். மன்னருக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: மன்னர் மனம் வைக்காதிருந்தால்? அதே ஊரில் அதே ஆசையோடு இருந்த மற்றப் பெண்களுக்கு யார் மனம் வைத்தார்கள்?

மன்னரின் நல்ல மனம் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தது. சட்டம் திறந்த கதவோ வேறு வகை. 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. சொத்துள்ளவர்க்கு மட்டுமே கிடைத்த உரிமைதான். ஆனாலும் விதி மாறிவிட்டது. பின்னர்ப் பெண்கள் உறுப்பினராகலாம் என்றும் ஆயிற்று. 1927இல் அந்தச் சபையின் துணைத் தலைவராக அமர்ந்தவர் நம் முத்துலட்சுமி அம்மையாரே. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே நின்று போராடினார். முழுத் தடைச் சட்டம் 1947இல் வந்தது. சபைக்கு வெளியே நின்று அழுதிருந்தால் இரக்கப்பட்டிருப்பார்கள். சபைக்குள் நின்று கேட்டதால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி நம் தாய்மார் காலத்துக்கு வருவோம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராயிருந்த ஷீலாராணி சுங்கத் ஊக்கமளிக்க, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தறிந்ததோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேலி பேசியவர்களைக் கடந்து, தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு சென்ற அந்தப் பெண்களைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் பேச்சு உண்டு. அது ஓர் இயக்கம். இயக்கத்தின் வேகம் என்றேனும் தணியும். அந்தப் பெண்கள் சைக்கிளில் ஏறி எங்கே போவது, எந்த நாற்காலியில் அமர்வது என்ற கேள்விக்கு விடை வேறிடத்திலிருந்து வந்தது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன. 2016இல் அது பாதியாயிற்று.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இடங்களில் பாதி பெண்களுக்கு. 2021 சட்டமன்றத் தேர்தலிலோ 234 உறுப்பினருள் பெண்கள் 12 பேர் மட்டுமே. வாக்களித்தவர்கள் அதே மக்கள். அதே தமிழ்நாடு, இரண்டு ஆண்டு இடைவெளிகூட இல்லை. ஊராட்சிக்கு வாக்களிக்கும்போது மட்டும் மக்கள் முற்போக்காளராகி, சட்டமன்றத்துக்கு வரும்போது பிற்போக்காளராகிவிட்டார்களா? இல்லை. ஒன்றில் விதி இருந்தது, மற்றொன்றில் இல்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் 106ஆவது திருத்தம் நிறைவேறிற்று. ஆனால் கணக்கெடுப்பும் தொகுதிச் சீரமைப்பும் முடிந்த பிறகே நடைமுறை என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு, அடுப்பு மூட்டிய பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பது போலத்தான்.

“பெண் தலைவராவது! நாற்காலியில் இருப்பவர் அவர் வீட்டுக்காரர்தானே” என்று டீக்கடையில் சிரிப்பவர்களை நாமும் கேட்டிருக்கிறோம். பல ஊர்களில் அது உண்மையே, மறைப்பதற்கில்லை. கையெழுத்து மனைவியுடையது, கட்டளை கணவருடையது. ஆனால் இதைச் சொல்லி ஒதுக்கீடே வீண் என்பவர்களோடு நாம் உடன்பட மாட்டோம். கையெழுத்து அவளுடையதாயிருக்கும் வரை ஒரு நாள் அவள் பேனாவை மூடி வைத்துக்கொள்ளவும் கூடும் அல்லவா? நாற்காலியே இல்லாதவளுக்கு அந்த ஒரு நாளும் வராது.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. படிக்கட்டின் முதற்படியை நாம் அடிக்கடி பெயர்த்து எடுத்துவிடுகிறோம். 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப்பின் அடுத்தது 1986இல்தான். அதன்பின் 1996. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்ய, மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தனி அலுவலர்களே வந்தார்கள். அலுவலர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப எந்த அம்மாவாலும் முடியாது. சட்டமன்றத் தேர்தல் இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போனால் நாடே கொந்தளிக்கும். ஊராட்சிக்கென்றால் மட்டும் நமக்குக் கோபம் வருவதில்லை. நம் கன்னியர் சபைகளில்கூடக் குறித்த காலத்தில் பொதுப்பேரவை கூடுகிறது. சபைத் தலைவியை வாக்களித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். காலம் முடிந்தவர் இறங்கிச் சாதாரணச் சகோதரியாகப் பணி செய்கிறார்.

விதி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நாம் சொல்லவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்க்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் 2006 வரை தேர்தல் நிலைக்கவிடாமல் தடுத்தார்கள். மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்ற சிலரும் 1997இல் கொல்லப்பட்டார்கள். கிராமத்தையே சுயராஜ்யத்தின் அடித்தளமாகக் காந்தியடிகள் கண்டார். அதே கிராமம் ஒடுக்கப்பட்டவனுக்கு என்ன செய்யும் என்று அம்பேத்கர் அஞ்சினார். மேலவளவைப் பார்த்தால் அம்பேத்கரின் அச்சம் எவ்வளவு நியாயம் என்று புரிகிறது.

மேலவளவு தொலைவில் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. 2022 டிசம்பரில் நம் அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், பட்டியல் சமூகத்து மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே தெரிய வந்தது. விசாரிக்கச் சென்ற கலெக்டர் கவிதா ராமுவிடம், கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்றும் டீக்கடையில் தனிக் குவளை என்றும் மக்கள் சொன்னார்கள். அவரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நல்லது செய்தார். ஆனால் மன்னர் கதவு திறந்த கதைதான் நமக்கு நினைவு வருகிறது. கிராம சபை ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது. அதில் இந்தக் குறையைச் சொல்லும் துணிவை அவர்களுக்கு ஏன் யாரும் தரவில்லை? தொடக்கத் திருச்சபையில் அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்ற முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சபையைக் கூட்டி எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முறையீடு முதலில் காதில் விழுந்தது. பிறகு மன்றம் பிறந்தது. நம் ஊர்களில் மன்றம் இருக்கிறது. முறையீடு இன்னும் வாசலில் நிற்கிறது.

நம் தோழியருள் இலுப்பூரில் குடியிருப்போரைவிடச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருவோரே மிகுதி. அவர்கள் ஊரில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூட வேண்டும் என்று விதி இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத நமக்கு அங்கே கை தூக்கும் உரிமை இல்லை; ஓரமாக அமர்ந்து கேட்பதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. அக்டோபர் 2 அன்று காந்தி படத்துக்கு மாலையிட்டதும் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்று ஒவ்வொருத்தியும் தன் அம்மாவோடு கிராம சபைக்குப் போய், எத்தனை பெண்கள் வந்தார்கள், எத்தனை பேர் எழுந்து பேசினார்கள், பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறிற்றா என்று குறித்து வந்து மறுநாள் குடிமையியல் வகுப்பில் வாசிக்கலாம் என்று சகோதரிகளிடம் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுப்பாடமாகவே கொடுத்துவிட்டால் அம்மாக்களும் மறுக்க மாட்டார்கள்.