அல்வாவுக்கு எத்தனை எழுத்து?

எண்ணிக்கை விஷயத்தில் ராதாபுரத்துக்காரர்களிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்ளக் கூடாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் 49 ஓட்டு வித்தியாசம். மறு எண்ணிக்கை விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன தொகுதி சார் இது! அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, ‘அல்வா’வில் எத்தனை எழுத்து என்று கம்ப்யூட்டரிடம் கேட்டேன். ஐந்து என்றது. திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா!

ஆரம்பித்து வைத்தது அக்கா மகள். மும்பையில் எட்டாங்கிளாஸ். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. லீவுக்கு வந்தவள் செல்போனில் ‘வேர்டில்’ ஆடிக்கொண்டிருந்தாள். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காக எழுதி, 2021-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட விளையாட்டு. மறைந்திருக்கும் ஐந்தெழுத்து வார்த்தையை ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் தப்பு என்றால் மஞ்சள். இல்லவே இல்லையென்றால் சாம்பல்.

“இதை ஆச்சியோட ஆட முடியாதா மாமா?”

“தமிழ்ல நானே எழுதித் தாரேன்” என்று வாயை விட்டேன். பி.காம். படித்தவனுக்கு பைத்தான் எதற்கு என்று கேட்காதீர்கள். விதி!

முதல் அடிதான் அந்த அல்வா. அ, ல, புள்ளி, வ, கால் என்று யூனிகோடில் அது ஐந்து துண்டு. புள்ளி, கால், கொம்பு எது வந்தாலும் முந்தின எழுத்தோடு ஒட்டிவிடு என்று சொல்லிக்கொடுத்து, மூன்றாக்க ஒரு வாரம் ஆயிற்று. ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவசத் தொகுப்பில் அதற்கு ரெடிமேடாகவே வசதி இருக்கிறது என்று எட்டாம் நாள் தெரிந்தது!

அடுத்து, அம்மாவை வைத்து டெஸ்ட். விடை ‘ராதாபுரம்’. அம்மா போட்டது ‘பம்பரம்’. கடைசி ‘ம்’ பச்சை, சரி. நடுவில் வரும் ‘ம்’முக்கும் மஞ்சள்!

“ஏலே, ராதாபுரத்துல எத்தன ‘ம்’ இருக்கு?” என்றாள் அம்மா.

காமர்ஸ் கைகொடுத்தது. பாஸ்புக் டாலி பண்ணும்போது ஒரே வரவை இரண்டு தடவை டிக் அடிப்போமா? முதலில் பச்சைகளை டிக் அடித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் மட்டும் மஞ்சள் தேடு என்றேன். டாலி ஆயிற்று.

பெரிய சிக்கல் மூன்றாவது. இங்கிலீஷுக்கு 26 எழுத்து, நமக்கு 247. ‘பு’ இருக்கிற இடத்தில் ‘ப’ போட்டவளுக்குச் சாம்பல் காட்டுவது அநியாயம் இல்லையா? மெய் சரி, உயிர்தான் தப்பு என்றால் நீலம் என்று நாலாவது கலர் சேர்த்தேன். துண்டு துண்டாக வைத்திருக்கிறதே என்று எதைத் திட்டினேனோ, அதுவே இங்கே உதவிக்கு வந்தது. குறிகளைக் கழற்றிவிட்டு, இரண்டும் ஒரே ‘ப’தானா என்று பார்த்தால் போதும்.

அப்புறம் லீவு முடியும்வரை செல்போன் ஆச்சிக்கும் பேத்திக்கும் நடுவில்தான். நீலம் விழுந்தால், “கொம்பு போடுட்டி... இல்ல, கால் போட்டுப் பாரு” என்று ஆச்சியின் கமெண்டரி.

ஊருக்குப் போனவளிடமிருந்து மறுநாள் அம்மாவுக்கு மெசேஜ். எப்போதும் வாய்ஸ்தான் அனுப்புவாள். இந்தத் தடவை எழுத்து. ஒரே வார்த்தை: ‘ஆசசி’.

என் புரோகிராம்படி நடுவில் நீலம்.

“புள்ளி விட்டுப்போச்சு, சொல்லட்டுமா?” என்றேன்.

“நீ சும்மா கெட. புள்ளி இல்லாட்டா என்ன, எனக்குத்தான் எழுதியிருக்கான்னு தெரியுதுல்லா?” என்றாள் அம்மா.