லாகின் பேஜ் வந்துருச்சு... அப்புறம்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே, ஏதாவது ஒரு டீம் சின்ன ஃபவுண்டரி ஒன்றைப் பிடித்து, "உங்களுக்குக் குவாலிட்டி சாஃப்ட்வேர் போட்டுத் தர்றோம் சார்" என்று கிளம்பிவிடும். நல்ல விஷயம்தான். பெரும்பாலும் கையில் எடுப்பது ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட். மும்பையில் இருக்கும் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். குவாலிட்டி ப்ரொசீஜர், நான்-கன்ஃபார்மன்ஸ், குவாலிட்டி ஆக்‌ஷன் என்று ஒரு தனி மாட்யூலே அதில் இருக்கிறது. லைசென்ஸுக்குக் காசு கிடையாது.

உபுண்டு போட்டு, மரியா டிபி, ரெடிஸ், நோட் எல்லாம் ஏற்றி, நாலு எரரைத் தேடித் தேடிச் சரிசெய்து, கடைசியில் பிரவுசரில் லாகின் பேஜ் வந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ப்ராஜெக்ட் ஓவர்!

இல்லைங்க. அங்கேதான் ப்ராஜெக்ட் ஆரம்பிக்குது என்பது என் கட்சி.

அந்த ஃபவுண்டரி ஏன் இதை வாங்கிக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் இருந்தால்தான் பெரிய கம்பெனி ஆர்டர் தரும் என்ற நிலைமை அவர்களுக்கு. அந்தத் தரநிலையின் 2015 பதிப்பில் 10.2 பிரிவு, என்ன தவறு நடந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், பலன் என்ன என்பதற்கெல்லாம் பதிவு வேண்டும் என்கிறது. 7.5.3 பிரிவு, அந்தப் பதிவு தேவைப்படும் நேரத்தில் கைக்குக் கிடைக்கணும், தொலையாமல் பாதுகாக்கப்படணும் என்கிறது. இதுவரை அது பீரோவில் ஃபைலாக இருந்தது. இப்போது நீங்கள் போட்ட சர்வரில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த பீரோவுக்குப் பூட்டு போடுவதும் உங்கள் வேலைதானே?

பூட்டு என்றால் என்ன? முதலில், எல்லாவற்றையும் ரூட் யூசரிலேயே ஓட்டாதீர்கள். தனி யூசர் ஒன்று உருவாக்குங்கள். பாஸ்வேர்டு லாகினை நிறுத்திவிட்டு எஸ்.எஸ்.ஹெச் கீ வையுங்கள். ஃபயர்வாலில் தேவையான போர்ட்டை மட்டும் திறந்து விடுங்கள். சர்வர் கடிகாரத்தையும் பாருங்கள். கிளவுட் சர்வர் பெரும்பாலும் யு.டி.சி. நேரத்தில்தான் வரும். லாக் எல்லாம் நம்ம நேரத்துக்கு 5.30 மணி நேரம் பின்னாடி காட்டினால், நாளைக்கு எதையும் ஒத்துப்பார்க்க முடியாது.

அடுத்தது, 'பெஞ்ச் ஸ்டார்ட்' என்று டெர்மினலில் அடித்து ஓட விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அது டெவலப்மென்ட்டுக்கான வழி. டெர்மினலை மூடினால் அதுவும் நின்னுடும். ப்ரொடக்‌ஷன் செட்டப் செய்தால் என்ஜின்எக்ஸும் சூப்பர்வைசரும் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்து நிற்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பேக்கப். இங்கே மூன்று பொறி இருக்கு. பேக்கப் ஃபைல் வழக்கமாக அதே சர்வரில், அந்த சைட்டின் ஃபோல்டருக்குள்ளேயே விழும். டிஸ்க் போனால் ரெண்டும் சேர்ந்தே போகும். தனியாகச் சொன்னால் ஒழிய டேட்டாபேஸ் மட்டும்தான் சேமிக்கப்படும், அப்லோட் செய்த டிராயிங், சர்டிஃபிகேட் எல்லாம் வராது. மூன்றாவது, சைட் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் என்கிரிப்ஷன் கீயைத் தொலைத்துவிட்டால், சேமித்து வைத்த மெயில் பாஸ்வேர்டு போன்றவற்றை ரீஸ்டோருக்குப் பிறகு திறக்க முடியாது.

"அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா ஓடுது ப்ரோ" என்பவர்கள் கிட்லேப் கதையைப் படிக்கணும். 2017 ஜனவரி 31 அன்று, அங்கே ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடிப்போனால், அது ஃபெயிலாகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஃபெயில் ஆனதைச் சொல்லும் மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு காப்பிதான் அவர்களைக் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய டீமுக்கே அந்த நிலைமை. ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

"அப்போ மாசக் காசு கட்டி கிளவுட் சேவையே வாங்கிக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்துக்கு அதுதான் சரி, அதைத் தயங்காமல் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொந்த சர்வர் என்பது சொந்த வீடு மாதிரி. வாடகை மிச்சம், ஆனால் மோட்டார் ரிப்பேர் ஆனால் ஹவுஸ் ஓனருக்கு ஃபோன் போட முடியாது.

நீங்கள் மே மாசம் பாஸ் அவுட் ஆகிப் போய்விடுவீர்கள். ஃபவுண்டரி அங்கேயேதான் இருக்கும். ஆடிட்டர் வந்து போன வருஷக் கம்ப்ளெயின்ட் பதிவைக் கேட்கும்போது உங்கள் நம்பர் ஸ்விட்ச் ஆஃபாகக்கூட இருக்கலாம். அதனால் ரெண்டே பக்கத்தில், தமிழில், அங்கே உள்ள குவாலிட்டி இன்சார்ஜ் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி எழுதிக் கொடுங்கள்: பேக்கப் எங்கே இருக்கு, எப்படித் திரும்ப ஏற்றுவது, யாரைக் கூப்பிடுவது.

கடைசியாக ஒரு யோசனை. ஃபைனல் ரிவ்யூவில் லாகின் பேஜைக் காட்டாதீர்கள். காலி விர்ச்சுவல் மெஷின் ஒன்றை எடுத்து, பேனல் முன்னாடியே பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, போன மாச நான்-கன்ஃபார்மன்ஸ் ஒன்றைத் திறந்து காட்டுங்கள். அது திறந்தால், உங்கள் ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு.