சுங்கானுக்கு ஒரு ரப்பர் உறை

நம் சங்க இதழில் சமையல் குறிப்பும் நவராத்திரி விழாச் செய்தியும் படிக்கும் அன்பர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்து, 'இவருக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?' என்று கேட்கக்கூடும். சென்ற மாதம் எங்கள் மேல் மாடியில் குடியிருக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவன். "மாமா, நீங்க பைப் பிடிச்சவராமே? தண்டுல ரப்பர் மாட்டிக்கிறது நல்லதா?" என்று கேட்டான். அன்று நான் சொன்னது அரைகுறைப் பதில். மீதியை இங்கே எழுதுகிறேன்.

1974-ல் அன்றைய கல்கத்தாவுக்கு வேலை தேடி வந்தவன் நான். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு அறை, இட்லிக்கும் காபிக்கும் குறைவில்லை. ஆபீஸில் பெரிய அதிகாரி வாயில் பைப். பத்திரிகையைத் திறந்தால் சத்யஜித் ராய் வாயிலும் பைப். அது இருந்தால் மனிதன் ஏதோ ஆழமாக யோசிக்கிறான் என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார் என்பது என் கணக்கு. மூன்று நான்கு வருஷம் கழித்து நியூ மார்க்கெட்டில் ஒன்று வாங்கினேன். வேட்டியும் பைப்புமாக நான் பால்கனியில் நின்ற கோலத்தைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

பைப்பின் கிண்ணம் பிரையர் என்ற செடியின் வேர்முண்டில் கடைவது. மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளர்வது. வாயில் வைக்கும் தண்டு பெரும்பாலும் எபோனைட். பழைய ஃபவுண்டன் பேனா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சரக்குதான். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கந்தகத்தைச் சில பங்கு சேர்த்தால் வளையும் ரப்பர். நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் சேர்த்தால் மரம்போல் கெட்டியான எபோனைட். வெயிலும் ஈரமும் பட்டால் அதன் கறுப்பு வெளுத்துப் பாசி நிறமாகும், நாக்கில் கந்தக நாற்றம் தட்டும். பல் பட்டால் பள்ளம் விழும். இதமாகச் சூடு காட்டினால் அந்தப் பள்ளம் ஓரளவு தானே எழும்பி வரும் என்பது ஓர் அதிசயம். எத்தனை முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன்! அக்ரிலிக் தண்டு நிறம் மாறாது, ஆனால் பல்லுக்குக் கல் மாதிரி.

கையில் பிடித்துப் புகைப்பவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. நானோ கணக்குப் பார்ப்பவன். இரண்டு கையும் லெட்ஜர்மேல் இருக்கும். பைப் பல்லில் தொங்கும். ஐம்பது கிராம்கூட இருக்காது, ஆனால் நுனியில் தொங்கும் பாரம் அல்லவா? நேரான பைப் நெம்புகோல் மாதிரி தாடையை இழுக்கும்; வளைந்த பைப் மோவாய்க்கு நெருக்கமாகத் தொங்குவதால் இழுப்பு குறைவு. இங்கிலாந்தின் பழைய இடுகாடுகளில் கிடைத்த எலும்புக்கூடுகளில், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேருமிடத்தில் வட்டமாகத் தேய்ந்த துளையைப் பார்த்தே 'இவர் களிமண் பைப் பிடித்தவர்' என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு போகவில்லை. இடது கோரைப்பல்லின் முனை மட்டும் ஒருநாள் சோற்றில் கல் மாதிரி வந்து விழுந்தது.

அப்போதுதான் ரப்பர் உறை வாங்கினேன். சுண்டு விரல் நுனி அளவு, நடுவே புகை வரத் துளை. வெந்நீரில் நனைத்தால் தண்டில் ஏறிக்கொள்ளும். விலை அற்பம். பல்லுக்கு மெத்தை கிடைத்தது, எபோனைட்டில் புதுப் பள்ளம் விழவில்லை. பல்செட் கட்டிய நண்பர் ஒருவர், இது வந்த பிறகுதான் பைப் வாயில் நழுவாமல் நிற்கிறது என்றார். 'குழந்தைக்குச் சூப்பான் மாதிரி இருக்கிறது' என்று கேலி செய்தவர்களும் உண்டு. நல்ல தண்டின் வழவழப்பை உதட்டில் உணரவேண்டும், ரப்பர் மாட்டினால் கனத்துப்போகும் என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆனாலும் பல் போன பிறகு வழவழப்பை எதனால் ரசிப்பது? இந்த வழக்கில் நான் ரப்பர் கட்சி. அதை வாரத்துக்கொரு முறையாவது கழற்றித் துடைக்கவேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் மறைவிலேயே தண்டு பாசி பிடித்துவிடும். இவ்வளவும் பையனிடம் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது இது. ரப்பர் வருவதற்கு முன், தாடை வலித்ததும் பைப்பைக் கீழே வைப்பேன். வலிதான் என்னை நிறுத்திய ஒரே ஆசாமி. உறை போட்ட பிறகு வலி போயிற்று. பைப் வாயைவிட்டு இறங்கவில்லை. நாளைக்கு இரண்டு கிண்ணம் ஐந்தாயிற்று. 2011-ல் வேறொரு பல்லுக்காகப் போனபோது மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்க்காமல் மேலண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்துத் தடித்து, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். புகையின் சூடு நேரே படும் இடம் அது. பைப் பிடிப்பவர்களுக்கு வருவது. "நிறுத்தினால் பெரும்பாலும் தானே மறையும். மறையாவிட்டால் சதை எடுத்துப் பரிசோதிக்கவேண்டும்" என்றார். புகையை உள்ளே இழுப்பதில்லையே என்றேன். வாய்ப்புற்றுக்கு உள்ளே இழுக்கவேண்டிய அவசியம் இல்லை என்றார்.

ஆறு வாரம். தினமும் காலையில் கண்ணாடிமுன் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஒன்றும் பேசமாட்டாள். மறைந்தது. எனக்கு அதிர்ஷ்டம்; எல்லாருக்கும் மறைவதில்லை.

ஆகவே ரப்பர் தண்டைக் காக்கும், பல்லைக் காக்கும்; அதன் வேலை அவ்வளவே. முப்பது வருஷமாகப் பிடிப்பவர், விடவே முடியாதவர், மாட்டிக்கொள்ளட்டும். கை ஓயும்போதாவது பைப்பை இறக்கி வைக்கட்டும். இருபத்துநாலு வயதில் தொடங்கப் போகிறவன் கேட்கவேண்டிய கேள்வி ரப்பரைப் பற்றியது அல்ல.

போன வியாழக்கிழமை மாடிப்படியில் அந்த மணம் வந்தது. வெண்ணிலா சேர்த்த புகையிலை. ஒரு நிமிஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு மேலே போய்க் கதவைத் தட்டினேன். புது பைப், நுனியில் கறுப்பு ரப்பர். "மாட்டிட்டேன் மாமா" என்றான் பெருமையாக. இதழ் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அவன் கதவிடுக்கில் செருகுவதாக இருக்கிறேன்.