வாக்களிக்காதவரை ஏசுவதற்கு முன்: எமது நிலைப்பாடு

எலக்சன் முடிந்ததும் நோட்டன் பிரிட்ஜ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஓர் ஏச்சுக் கிளம்பும்: "வோட்டுரிமை இல்லாமக் கெடந்த சனம், கெடைச்ச பொறகும் போடாம இருக்குதே!" அந்த ஏச்சில் எமது அமைப்பு சேராது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தமும் வந்தன. அவை குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்ததால், 1952இல் தோட்டத்து மக்களான எம்மவரில் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. மிச்சமிருந்த நாடற்றோருக்கு வழி பிறக்க 2003 ஆனது. அந்த இழப்பு பெரியதுதான். ஆனால் அதைச் சொல்லி இன்றைய இளைஞரை மிரட்டுவதை ஏற்கமாட்டோம். போடுவதா, விடுவதா என்று யோசிக்கும் உரிமையும் அன்று பறிபோனதில் அடக்கம்.

போடாதவர் எல்லோரும் விரும்பி விட்டவரும் அல்லர். உள்ளூராட்சித் தேர்தல் நடந்த 2025 மே 6 ஒரு செவ்வாய்க்கிழமை. கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் நிற்கும் பிள்ளை ஹட்டன் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, மாலை 4 மணிக்கு முன் சாவடிக்குப் போகவேண்டும். சம்பளத்துடன் லீவு தரச் சட்டம் இருக்கிறது. அதை முதலாளியிடம் கேட்கும் துணிச்சல் நாட்சம்பளக்காரருக்கு எங்கே வரும்? வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாய்மாருக்கு வாக்களிக்க வழியே இல்லை.

தெரிந்தே விடுகிறவர்களுக்கும் காரணம் உண்டு. 2018இல் திருத்தப்படும் வரை பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல்லும் போடமுடியாத சபைக்கு எதற்கு ஆள் தெரிவு என்று கேட்டவரைச் சோம்பேறி என்பதா? நாடு முழுவதிலும், 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 79 சதவீதமாக இருந்த வாக்களிப்பு 2025 மே தேர்தலில் 62 சதவீதமளவுக்கு இறங்கியது. மலையகத்தை மட்டும் குறைசொல்வது எந்த நியாயம்?

அதற்காக நாம் பகிஷ்கரிப்புக்கு அழைக்கவில்லை. போடாமல் விட்ட வோட்டு எவருடைய கதிரையையும் அசைப்பதில்லை, அதன் காரணமும் எங்கும் பதிவாவதில்லை. வாக்குச்சீட்டைக் குறுக்கே கிழித்தாற்போல் கோடிட்டாலும், கைதவறிப் பிழைவிட்டதோடு சேர்த்து 'நிராகரிக்கப்பட்டது' என்றே எண்ணுவார்கள். இந்தியாவில் 2013 முதல் உள்ள 'எவருக்கும் இல்லை' என்ற கட்டம் இங்கும் வேண்டும். வெளியூரில் வேலை செய்வோர் அங்கேயே முன்கூட்டி வாக்களிக்க ஏற்பாடும் வேண்டும்.

கட்டாய வாக்களிப்பை எதிர்க்கிறோம். வோட்டுப் போடாத குடும்பத்துக்குக் கூரைத்தகரமோ தண்ணீர்க் குழாயோ கிடையாது என்று எந்தத் தலைவர் சொன்னாலும், எந்தக் கட்சியானாலும், தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிடுவோம்.