ஏலத்தோட்டத்து முட்டிகள்

கம்பத்தில் ஒரு தனியார் எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுக்கிறவன் நான். டாக்டர்கள் எழுதி அனுப்பும் சீட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த மூட்டு, எந்தப் பக்கம் எல்லாம் இருக்கும். அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்பது மட்டும் இருக்காது. முட்டிவலி, தோள்வலி என்று வருகிற ஏலத்தோட்டத்துப் பெண்களுக்கு நடக்கும் வைத்தியம் பாதியில் நிற்பதற்கு இந்த ஒரு வரி இல்லாததே பெரிய காரணம் என்பது என் கட்சி.

இவர்கள் யார் என்பது தேனி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கத்திலிருந்து ஜீப்புகள் கிளம்பும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மேலே ஏறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை என்று இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிடும். இருட்டும் நேரத்தில் திரும்பக் கூட்டி வரும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அப்போது விழுந்த எல்லைக்கோட்டை இந்தப் பெண்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை தாண்டுகிறார்கள். வீடு, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் கீழே. வேலையும் கூலியும் மேலே. கீழே இருக்கிற எங்களிடம் வருவது முட்டியும் தோளும்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். ஆனால் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடுகிற சரத்தில்தான் இருக்கும். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக விளையாது. விளைந்ததை மட்டும் பார்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும், மற்றதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். அதனால் ஒவ்வொரு தூரிலும் குத்தவைத்து உட்கார்ந்தே ஆக வேண்டும். எழுந்து நான்கு எட்டு வைத்தால் அடுத்த தூர். அங்கே மறுபடி உட்கார வேண்டும். சரிவான நிலம், மழையில் ஊறிய மண், அட்டைக் கடி. ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு தை வரைக்கும் நீளும். மாலையில் நிறைந்த சாக்கைத் தலையிலோ தோளிலோ ஏற்றிக்கொண்டு மேடேறி எடை போடும் இடத்துக்குப் போக வேண்டும்.

இந்த வேலையைச் செய்த முட்டி படத்தில் எப்படி விழும்? இங்கேதான் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. முட்டியைப் படுக்க வைத்துப் படம் எடுத்தால் மேலெலும்புக்கும் கீழெலும்புக்கும் நடுவே இடைவெளி ஓரளவு இருப்பதுபோலத் தெரியும். அதே ஆளை நிற்க வைத்து, உடம்புப் பாரம் காலில் இறங்கும்படி எடுத்தால் உள்பக்க இடைவெளி அப்படியே ஒட்டிப்போய்க் கிடக்கும். கூட்டம் அதிகமான நாளில் பல இடங்களில் படுக்க வைத்தே எடுத்துவிடுகிறார்கள். வயதானவர்களை நிற்க வைத்துப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இன்னொன்று, குத்தவைத்து உட்காருகிறவர்களுக்கு முதலில் அடி வாங்குவது பல நேரம் முட்டிச்சில்லுக்கும் தொடையெலும்புக்கும் நடுவே உள்ள இடம். நேராக எடுத்த படத்தில் அது தெரியாது. முட்டியை மடக்கி வைத்து, சில்லின் ஓரமாகக் கதிரை விட்டு எடுக்கும் தனிப் படம் வேண்டும். அந்தப் படத்தைச் சீட்டில் எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. நோயாளி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர் என்று தெரிந்தால் எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அறிக்கை எழுதும் உரிமையும் எனக்கில்லை. ஆனாலும் மேஜையில் காலை நீட்ட உதவும்போது கேட்பேன்: "ஏறும்போது வலிக்குதாக்கா, இறங்கும்போது வலிக்குதா?" பெரும்பாலும் ஒரே பதில்தான். "ஏறிருவேன் தம்பி. இறங்கும்போதுதான் உயிர் போகுது." சில்லுக்கு அடியில் கோளாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது.

இதற்குக் கிடைக்கும் தீர்ப்பு என்ன? வயசாயிருச்சு, உடம்பைக் குறை. நாற்பது கிலோவைத் தாண்டாத பெண்ணிடமும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எடை கூடினால் முட்டி கெடும் என்பது உண்மைதான். அது முழு உண்மை இல்லை. பெய்ஜிங் நகரத்து முதியவர்களின் முட்டிகளைப் படமெடுத்து, அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊர்க்காரர்களின் முட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. அமெரிக்கப் பெண்களைவிட ஒல்லியான பெய்ஜிங் பெண்களுக்குத்தான் முட்டித் தேய்மானம் அதிகமாக இருந்தது. பிறகு அதே ஆய்வாளர்கள், இளவயதில் நாள்தோறும் நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் முட்டி அதிகம் தேய்ந்திருப்பதைக் காட்டினார்கள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில், நெடுங்காலம் முட்டி போட்டோ குத்தவைத்தோ செய்யும் வேலையால் முட்டி ஜவ்வு கெடுவது வெளிப்படையாகவே இடம் பெற்றிருக்கிறது. ஜெர்மனி 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. முட்டியை மடக்கிச் செய்யும் வேலையில் வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம், ஒரு ஷிஃப்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் இருந்திருந்தால் முட்டித் தேய்மானத்தைத் தொழில்நோயாக ஏற்றுக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஏலத்தோட்டப் பெண் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் குத்தவைக்கிறாள், வருஷத்துக்கு 150 நாள்தான் வேலை என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 600 மணி. இருபத்தி இரண்டாவது வருஷத்தில் 13,000-ஐத் தாண்டிவிடுவாள். பதினெட்டு வயதில் ஜீப் ஏறியவளுக்கு அப்போது நாற்பதுதான் ஆகியிருக்கும்.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈய விஷம், பாதரச விஷம், கல்தூசி நோய் எல்லாம் இருந்தன. குத்தவைத்துக் கெட்ட முட்டி இருந்ததில்லை. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமோ ஐந்து ஹெக்டேர், பதினைந்து தொழிலாளர் என்று ஒரு கோடு போட்டது. மூணாறு தேயிலை எஸ்டேட்டுகள் அதற்குள் வந்தன. குடியிருக்க லயமும் வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரியும் கிடைத்தன. அப்படிக் கிடைத்த இடத்திலேயே 2015 செப்டம்பரில் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, மூணாறு சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்க வேண்டியிருந்தது. சின்னச் சின்ன ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வருகிற தினக்கூலிக்குத் தொழிலாளி என்று பெயர் எழுதிய ஒரு பதிவேடுகூட இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு வேறுபாட்டைப் பார்க்கிறேன். என் தங்கையை அங்கே கொழிஞ்சாம்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சித்தூர் வட்டத் தென்னந்தோப்புகளில் கள் இறக்குகிறவர்களுக்கும் தோளும் முட்டியும்தான் போகின்றன. ஆனால் கேரளத்தில் 1969 முதல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இருக்கிறது. மரம் ஏறுகிறவர் என்று ஒரு காகிதம் அவரிடம் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தால் அதை விபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். தூருக்குத் தூர் உட்கார்ந்து எழுந்து கொஞ்சம் கொஞ்சமாக முட்டி போனால் அதற்குத் தேதியும் இல்லை, சாட்சியும் இல்லை. வாளையாறைத் தாண்டினால் கோயம்புத்தூர். 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை உட்பட எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். செவன்ஸ் கால்பந்தில் முட்டியைத் திருகிக்கொண்ட பாலக்காட்டுப் பையனை வீட்டார் அங்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பையனின் அம்மாவுக்கும் ஒரு முட்டி இருக்கிறது. நடவு வயலில் இருபது வருஷம் நின்ற முட்டி.

ஆபரேஷன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜவ்வு கிழிந்திருக்கிறது, துளை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்ற யோசனையோடு வருகிறவர்கள் நிறைய. ஹூஸ்டனில் 180 நோயாளிகளை வைத்து 2002-இல் ஒரு சோதனையின் முடிவு வந்தது. ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறிவிட்டுத் தையல் போட்டார்கள். உள்ளே எதையும் செய்யவில்லை. தேய்மான முட்டியைக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கும், வெறும் கீறல் வாங்கியவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. தேய்மானத்தால் கிழிந்த ஜவ்வை வெட்டி எடுப்பதைப் பற்றி 2013-இல் பின்லாந்தில் 146 பேரிடம் அதேபோல் பார்த்தார்கள். அதே முடிவு. தோளில் எலும்பைச் சுரண்டி இடம் பண்ணிக் கொடுக்கும் ஆபரேஷனை பிரிட்டனில் 313 பேரிடம் பார்த்தபோதும், பொய் ஆபரேஷனைவிடச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. விழுந்து அடிபட்டு முட்டி பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று கை தூக்க முடியாமல் போனாலோ கதை வேறு. தோளில் அறுந்த தசைநாரை மாதக்கணக்கில் விட்டால் தசையே கொழுப்பாகிப் பிறகு தைக்க முடியாமல் போகும். அதை எக்ஸ்ரே காட்டாது, ஸ்கேன் வேண்டும். என் படத்தில் எலும்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தோள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட் போடக் கை பின்னால் போகவில்லை என்று வருகிறவர்கள் முதலில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டி மாற்று ஆபரேஷன் நல்ல வைத்தியம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்தது. சராசரி 1,58,000 ரூபாய்க்கு விற்ற சாதாரண வகை 54,720 ரூபாய்க்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் முட்டி மாற்றிய பெண்ணிடம் டாக்டர் என்ன சொல்வார்? இனிமேல் குத்தவைத்து உட்காராதீங்கம்மா, பாரம் தூக்காதீங்க. அதாவது, ஏலத்தோட்டத்துக்குப் போகாதீங்க. வேலையால் கெட்ட முட்டியை மாற்றிக்கொடுத்துவிட்டு வேலையை எடுத்துக்கொள்கிறோம். பெயரளவுக்குக்கூட அதற்கு இழப்பீடு கிடையாது, காரணம் அவள் என்ன வேலை செய்தாள் என்று எந்தச் சீட்டிலும் எழுதவில்லை.

தேய்மானத்தின் ஆரம்ப கட்டத்தில் உண்மையாகப் பலன் தருவது தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. ஊசியோ கத்தியோ வேண்டாம். ஆனால் ஆறேழு வாரம் ஒருவர் கூட இருந்து சொல்லித்தர வேண்டும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில். இவர்கள் காலையில் வண்டன்மேட்டில். ஒரு நாள் பயிற்சிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஜீப் ஏறுகிறார்கள். கிட்னி கெடுவதெல்லாம் அப்புறம்.

இரண்டு அரசுகளும் நல்ல திட்டங்கள் வைத்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆனால் பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டம் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். ஜீப் கம்பம்மெட்டுக்கு இந்தப் பக்கம் கவிழ்ந்தால் உண்டு, அந்தப் பக்கம் கவிழ்ந்தால் இல்லை. கேரளத்தில் 2017-இல் வந்த ஆர்த்ரம் திட்டத்தில் குடும்ப சுகாதார மையங்களின் ஓ.பி. மாலை வரை நீண்டது. காய் எடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில் அங்கே இறங்கிப் போக ஜீப் நிற்பதில்லை. கேட்டால் மற்றவர்கள் வீட்டுக்கு நேரமாகிறது என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

என் கோரிக்கை பெரிதில்லை. தேனி, இடுக்கி, கோவை, பாலக்காடு மாவட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றிலும், தனியார் கிளினிக்குகளிலும், ஓ.பி. சீட்டில் 'என்ன வேலை, எத்தனை வருஷம்' என்று ஒரு வரி அச்சடியுங்கள். ஐந்து வருஷத்தில் அந்தச் சீட்டுகளே முட்டியைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சாட்சி சொல்லும். அதுவரைக்கும் காத்திருக்காமல் கம்பம், போடி அரசு மருத்துவமனைகளில் ஒரு பிசியோதெரபிஸ்டை மாலை ஷிஃப்டில் போடுங்கள். ஜீப் இறங்குகிற நேரம் ஐந்தரையிலிருந்து ஏழு. அந்த நேரத்தில் கதவு திறந்திருந்தால் போதும்.