மலையைக் காட்டும் பாதையும் மலையை மறைக்கும் பாதையும்

ஒரு நாட்டின் புகையிரத நேர அட்டவணையைக் கருத்தூன்றிப் படிப்பவன் அந்நாட்டின் அரசியலையும் ஓரளவு படித்தவனாகின்றான். எந்த ஊரில் வண்டி நிற்கும், எந்த ஊரைப் பாராமலே கடந்து செல்லும், எப்பாதை விரைவுக்கு உரியது, எப்பாதை வேடிக்கை பார்ப்பதற்கு உரியது என்பனவெல்லாம் பொறியியலாளர் மட்டுமே தீர்மானித்தவையல்ல. வாக்காளரும் வணிகரும் வரி இறுப்போரும் கூடித் தீர்மானித்தவை. சூரிச் நகரில் வாழும் என் தம்பியின் குடும்பத்தோடு, வருகின்ற இலையுதிர்காலத்தில் சில நகரங்களையும் மலைகளையும் புகையிரதத்தில் சுற்றிவரத் திட்டமிட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, இந்த எண்ணம் நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகின்றது.

இலையுதிர்காலம் என்பது நமது ஆறு பெரும்பொழுதுகளுள் அடங்காத ஒன்று. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர். மழைக்கும் வாடைக்கும் உரிய காலம். அல்ப்ஸ் மலைநாட்டிலோ அதே ஐப்பசியில் பள்ளத்தாக்குகளை மூடுபனி நிரப்ப, மேல்மலைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். ஊசியிலை மரங்களுள் லார்ச் என்னும் ஒன்று மாத்திரம் அப்போது பொன்னிறமாகி இலை உதிர்க்கும். கோடைகால உல்லாசப் பயணிகள் திரும்பிவிட்டிருப்பர். பனிச்சறுக்குக்கு வருவோர் இன்னும் வந்திரார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒக்டோபரில் விடுமுறையும் உண்டு. மூன்று தலைமுறையினர் சேர்ந்து பயணம் செய்ய இதனினும் ஏற்ற காலம் அங்கு இல்லை.

வழி ஒருவாறு இதுதான். சூரிச்சிலிருந்து தெற்கே கொத்தாட் மலையைக் கடந்து, இத்தாலி மொழி பேசும் திச்சீனோ மாநிலத்தின் லுகானோ நகர், அங்கிருந்து மிலான், மிலானிலிருந்து கோமோ ஏரிக் கரையோரமாகத் திரானோ, பின்பு பேர்னினா மலைமுகட்டின் மேலாகச் சென் மோரிற்ஸ், அல்புலாப் பாதையால் கூர் நகருக்கு இறங்கி மீண்டும் சூரிச். ஒரு வட்டம் முழுமையுறும். ஆனால் முதற் படியிலேயே ஒரு வினா எழுந்தது. சூரிச்சிலிருந்து லுகானோவுக்கு எப்படிப் போகலாம் என்று நேர அட்டவணையைக் கேட்டால், அது ஏறத்தாழ 2 மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும் விரைவு வண்டியையே காட்டுகின்றது. அவ்வண்டி மலையைக் கடக்கின்றதேயன்றி மலையைக் காட்டுவதில்லை. மலையைப் பார்க்க விரும்புகின்றவன் ‘கோஷனென் வழியாக’ என்று தனியாகக் குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். கேளாதவனுக்கு அந்தப் பழைய பாதை இல்லாதது போலவே ஆகிவிடுகின்றது.

இரு பாதைகளின் கதை

கோஷனென் வழியாகச் செல்லும் அந்தப் பழைய பாதை 1882ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு, மலைக்குள்ளேயே சுருள் சுருளாக வளைந்து, உயரம் ஏறும் பாதை அது. வாஸன் என்னும் சிற்றூரின் தேவாலயத்தைப் பயணி மூன்று முறை காண்பான்: முதலில் தனக்கு மேலே, பின்னர் ஏறத்தாழச் சமமாக, இறுதியில் தனக்குக் கீழே. உச்சியில் 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம். அதனை அகழும் பொறுப்பை ஏற்ற ஜெனீவாக்காரர் லூயி பாவ்ர், 1879ஆம் ஆண்டு அச்சுரங்கத்தினுள்ளேயே உயிர் நீத்தார். தொழிலாளருள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். 1875ஆம் ஆண்டு கோஷனெனில் வேலைநிறுத்தம் செய்தோர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது, நால்வர் மாண்டனர். விபத்துக்களில் இறந்தோர் ஏறத்தாழ 200 பேர். சுரங்கத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் கொழுக்கிப்புழு நோய் பரவிப் பலர் இரத்தம் வற்றி மெலிந்தனர். நம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நெடுங்காலம் வாட்டிய நோயும் இதுவே என்பதை ஈண்டு நினைவுகூரலாம். மலைப் பாதைகள் எங்கும் பிறநாட்டு ஏழையின் உடலைக் கொண்டே அமைக்கப்பட்டிருக்கின்றன.

புதிய பாதையோ வேறு வகையானது. மலையின் அடிவாரத்தை ஊடறுத்து, 57 கிலோமீற்றர் நீளமாக, உலகிலேயே மிக நீண்ட புகையிரதச் சுரங்கமாக, 2016ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. அகழும் வேளையில் 9 தொழிலாளர் இறந்தனர். சில இடங்களில் பயணியின் தலைக்கு மேல் 2,000 மீற்றருக்கும் மேற்பட்ட பாறை கிடக்கின்றது. ஏறத்தாழ 20 நிமிடம் இருள். அதன்பின் வேறொரு மொழி, வேறொரு வானிலை.

இச்சுரங்கம் பயணிகளுக்காக மட்டும் தோண்டப்பட்டதன்று. அல்ப்ஸ் மலைகளுக்கூடாகப் பாரமேற்றிச் செல்லும் லொறிகளின் புகையாலும் இரைச்சலாலும் பள்ளத்தாக்கு மக்கள் துன்புற்றனர். 1992ஆம் ஆண்டு புதிய புகையிரதச் சுரங்கங்களுக்கும், 1994ஆம் ஆண்டு நாட்டை ஊடறுத்துச் செல்லும் சரக்கைத் தெருவிலிருந்து தண்டவாளத்துக்கு மாற்றவேண்டும் என்ற கோரிக்கைக்கும் சுவிஸ் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தனர். ஆண்டொன்றுக்கு 650,000 லொறிகளுக்கு மேல் மலைகளைக் கடத்தலாகாது என்பது சட்டம் வகுத்த இலக்கு. 2024ஆம் ஆண்டிலும் அவ்விலக்கு எட்டப்படவில்லை. எனினும் நோக்கம் பழுதுடையதன்று. விரைவினால் வந்த நன்மையையும் மறுத்தல் தகாது. திச்சீனோவில் வாழும் ஒருவர் சூரிச்சில் அலுவல் முடித்து அன்றே வீடு திரும்பலாம். மலையின் தென்புறத்தார் தாம் ஒதுக்கப்பட்டவர் என்று எண்ணிய நிலை ஓரளவு மாறியிருக்கின்றது. ஆகவே, பழையதெல்லாம் நன்று, புதியதெல்லாம் தீது என்று புலம்புவார் கூட்டத்தில் நான் சேரவில்லை.

பழையது காத்த கதை

என் வினா வேறு. புதிய பாதை வந்தபின் பழைய பாதையை யாது செய்வது? சுரங்கம் திறந்தபோது விரைவு வண்டிகள் யாவும் அதற்குள் புகுந்துவிட, மலைப்பாதையில் உள்ளூர் வண்டிகளே எஞ்சின. சிலர் செல்லும் பாதைக்குப் பெருஞ்செலவு ஏன் என்ற பேச்சும் எழாமல் இல்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் வேறொரு கம்பனி அப்பாதையில் நகருக்கு நகர் நேராகச் செல்லும் வண்டிகளை ஓட்ட முன்வந்தமையால் அது மீண்டும் உயிர் பெற்றது.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி அந்த வினாவுக்கு எவரும் எதிர்பாராத விடை கிடைத்தது. சரக்கு வண்டியொன்றின் சில்லு உடைந்து, அவ்வண்டி புதிய சுரங்கத்தினுள்ளே தடம்புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை, ஆயின் பல கிலோமீற்றர் தண்டவாளம் சிதைந்தது. சுரங்கம் முழுமையாகத் திறக்கப்பட்டது 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே. இடைப்பட்ட காலத்தில் வடக்கையும் தெற்கையும் இணைத்தது எது? இலாபமற்றது என்று பேசப்பட்ட அந்த 1882ஆம் ஆண்டுப் பாதைதான். பயணிகள் வண்டிகள் வாஸன் தேவாலயத்தைச் சுற்றி மீண்டும் ஏறின, பயணம் ஒரு மணி நேரம் நீண்டது, ஆனால் நிற்கவில்லை. பாட்டனார் வெட்டிய கிணற்றைத் தூர்க்காமல் வைத்திருந்த வீட்டுக்காரன், குழாய் வற்றிய நாளில் அடையும் ஆறுதல் அது.

அல்புலாவிலும் இதற்கு உவமை உண்டு. 1903ஆம் ஆண்டின் அல்புலாச் சுரங்கம் நலிந்தபோது, அதன் அருகே புதிய சுரங்கமொன்று அமைத்து 2024இல் திறந்தனர். பழையதை மூடி மறக்காமல், ஆபத்துக்காலத்தில் மக்கள் தப்பும் வழியாக மாற்றினர். ஒஸ்திரியாவில் கார்ல் வொன் கெகா 1854ஆம் ஆண்டு முடித்த செம்மரிங் மலைப்பாதையின் கீழே இன்று 27 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் உருவாகி வருகின்றது. அந்நாட்டிலேயே 2025 டிசெம்பரில் திறந்த கொரால்ம் பாதை, கிராஸ் நகரையும் கிளாகன்பூட் நகரையும் முக்கால் மணி நேரத்துக்குள் இணைத்துவிட்டது. ஐரோப்பா முழுவதும் மலைகளின் அடியால் செல்லத் தொடங்கியிருக்கும் காலம் இது. செம்மரிங்கை யுனெஸ்கோ 1998இலும், அல்புலா–பேர்னினாவை 2008இலும் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

மரபுரிமை என்ற பட்டம் பெருமைக்குரியதே. அதனுள் ஓர் அபாயமும் உண்டு. பாதை ஒரு காட்சிப்பொருளாகி, மக்கள் அதனைப் பயன்படுத்தும் உரிமை மெல்ல மெல்ல மறையலாம். பேர்னினாப் பாதை இவ்வகையில் எனக்கு நம்பிக்கை தருகின்றது. பற்சக்கரத்தின் துணையின்றி 2,253 மீற்றர் உயரம் ஏறி, திரானோவில் 429 மீற்றருக்கு இறங்கும் அப்பாதையில், கூரைவரை கண்ணாடி பதித்த உல்லாச வண்டிகள் ஓடுகின்றன; அதே தண்டவாளத்தில் சிறு நிலையங்களில் நின்று பள்ளிப் பிள்ளைகளையும் வேலைக்குச் செல்வோரையும் ஏற்றும் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. நாங்கள் சாதாரண வண்டியிலேயே செல்லத் தீர்மானித்தோம். ஆசன ஒதுக்கீட்டுக் கட்டணம் மிஞ்சும் என்பது தம்பியின் கணக்கு. அந்தப் பாதையை இன்றும் தம் தெருவாகக் கொண்டிருப்போரை என் தம்பியின் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்பது என் கணக்கு.

நமக்கு உரிய பாடம்

இவற்றை எழுதும்போது நம் நாட்டு மலைப்பாதை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1867இல் கண்டியையும் 1924இல் பதுளையையும் அடைந்த நம் புகையிரதம், முதலில் கோப்பிக்கும் பின்பு தேயிலைக்குமாக, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பையும் கொண்டு எழுந்தது. அல்புலாப் பாதை பிறந்த அதே காலப்பகுதியில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலைக்கு நம்மிடமும் ஒரு குறும்பாதை பிறந்தது. அல்புலாப் பாதை இன்று உலகின் மரபுரிமை. நமது குறும்பாதையோ 1940களில் மூடப்பட்டுத் தண்டவாளமும் இன்றி மறைந்தது. தெரு வந்துவிட்டது, இனி அது எதற்கு என்று எண்ணினோம் போலும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தில் மண்சரிவுகளையும் பேரழிவையும் விளைத்தபோது, மலைப்பாதையும் பெருஞ்சேதமுற்றது. அதைச் செப்பனிடுதல் பற்றிப் பேசுவோர், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படமெடுப்போரை மாத்திரம் நினைத்தலாகாது. அட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் மூட்டையோடும் குழந்தையோடும் மூன்றாம் வகுப்புக்குக் காத்து நிற்போரையும் நினைத்தல் வேண்டும். ஒரு பாதையை யாருக்காகத் திருத்துகின்றோம் என்பதிலேயே எப்படித் திருத்துவது என்பதும் அடங்கியிருக்கின்றது.

விரைவு ஒரு தேவை. அதனைக் குறைகூறிப் பயனில்லை. ஆயின் விரைவான பாதை ஒன்று கிடைத்த நாளிலேயே மெதுவான பாதையை அழிப்பது விவேகமன்று. அது மலையோரச் சிற்றூர்களை நாட்டின் கணக்கிலிருந்து நீக்குவதாகும். இடர் வந்த வேளையில் நாமே திரும்பிவர வழியில்லாமற் செய்துகொள்வதுமாகும். சூரிச்சில் பிறந்து வளர்ந்த என் தம்பியின் பிள்ளைகள் அந்த 57 கிலோமீற்றர் இருளைப் பலமுறை கடந்திருக்கின்றனர். அதன்மேல் நிற்கும் மலையை ஒருமுறையேனும் கண்டாரல்லர். வரும் ஐப்பசியில் ‘கோஷனென் வழியாக’ என்றே பயணச்சீட்டு எடுக்கப்போகின்றோம். மலைப்பாதையில் ஏறும் ஒவ்வொரு பயணியும் அப்பாதை நிலைக்கவேண்டும் என்பதற்கு ஒரு வாக்கு அளித்தவனே ஆகின்றான்.