அயர்லாந்துப் பெண்களுக்குத் தந்த வாக்கு



தனி நாடு கேட்டுப் போராடுகிறவர்கள் குடிமக்களின் உரிமையை முதல் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு அயர்லாந்து நல்ல சான்று. 1916 ஏப்ரல் 24 அன்று டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் வாசித்த விடுதலைப் பிரகடனம், ஆண், பெண் இருபாலரையும் விளித்தே தொடங்குகிறது. சமய சுதந்திரம், சம உரிமை, சம வாய்ப்பு எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்றது. அச்செழுத்துகள் போதாததால் அந்த ஒற்றைத் தாளை இரண்டு பாதியாக அச்சிட்டார்கள். அதில் பெயர் போட்ட ஏழு பேரையும் அடுத்த மாதமே பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது.

பின்னர் தன்னாட்சி பெற்ற அயர்லாந்தின் 1922 அரசமைப்பு 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் ஓட்டுரிமை தந்தது. பிரிட்டனில் அது நடக்க 1928 ஆனது.

ஆனால் தேசியவாதிகள் ஆட்சிக்கு வந்தபின் நடந்தது பெரும் அநீதி. 1927-இல் வந்த ஜூரி சட்டம், தாமாக விண்ணப்பித்தால் ஒழிய பெண்கள் ஜூரியாக முடியாதபடி செய்தது. 1937 அரசமைப்பின் 41-ஆவது பிரிவோ, வீட்டுக்குள் வாழும் வாழ்வின் மூலம் பெண் நாட்டுக்குத் துணை நிற்கிறாள் என்று எழுதியது. ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் போன்ற பெண்ணுரிமைப் போராளிகள் 1916-இல் தந்த வாக்கை நினைவூட்டி எதிர்த்தார்கள், பலிக்கவில்லை. கல்யாணமான பெண் அரசு வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1973 வரை நீடித்தது.

நம் அரசமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரி அந்த 1937 அரசமைப்புதான். அது மறந்த வாக்கு எது என்று நாமும் அறிய வேண்டும்; எனவே 1916 பிரகடனத்தை முழுமையாகத் தமிழாக்கி வெளியிடுமாறு ஆசிரியரை வேண்டுகிறேன்.

வாசகர், மதுரை